முதல் மரம் ஏறுகிறவன்

நெல்லிக்கரடு,
மாரமங்கலம் வழி, ஏற்காடு.
18.12.83

அன்புள்ள வள்ளி அக்காவுக்குத் தம்பி பொன்னுவேல் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் இரண்டு எருமைகளும் சுகம். திருப்பூரில் நீங்களும் மச்சானும் பாப்பாவும் சுகமா? பாப்பாவுக்கு இருமல் நின்றதா என்பதை முதலில் எழுதுங்கள்.

காப்பிப் பழம் எடுப்பு முடியப்போகிறது. தை பிறந்ததும் மிளகு. இந்த வருஷமும் முதல் மரம் நான்தான் ஏறவேண்டும் என்று ஊர்க்கவுண்டர் மாரியப்பன் சொல்லிவிட்டார். இதோடு ஐந்தாவது வருஷம். எல்லைக் கோயிலில் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி, உச்சிச் சரத்தைப் பறித்துச் சாமிக்கு வைத்த பிறகுதான் மற்றவர்கள் தங்கள் ஏணியைத் தொடுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? "நம்மூருல ஆம்பளைன்னா பொன்னுவேலுதான்" என்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் கவுண்டர் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஜீப் ஓட்டுகிற தங்கராஜைப் போன தடவை பார்த்தீர்களே, பெரிய மீசைக்காரர், உங்கள் டிரங்குப் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி வைத்தவர். ஞாயிற்றுக்கிழமை டிரிப் இல்லாவிட்டால் அவருக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. நான் கிண்டுகிற களியைத் தின்றுவிட்டு இன்னும் உயிரோடு இருக்கிற ஒரே ஆள் அவர்தான். டெய்லர் பாக்கியநாதன் பாப்பாவுக்குக் கவுன் தைத்திருக்கிறார். யாராவது திருப்பூர் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

மச்சானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
பொன்னுவேல்


திருப்பூர்
2.1.84

என் கண்ணு பொன்னுவேலுக்கு அக்காள் வள்ளி ஆசியோடு எழுதுவது. உன் கார்டு கிடைத்தது. பாப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, இப்போது வாய்தான் நிற்கவில்லை. எருமைகளின் சுகத்தை எழுதுகிற நீ உன் கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

செம்மநத்தத்தில் பெண் பார்த்திருக்கிறேன். பெயர் சின்னத்தாயி. எட்டாவது படித்திருக்கிறாள், கட்டுக்கட்டாய் விறகு சுமப்பாள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு உன்னை வளர்த்தவள் நான். உனக்கு இருபத்தாறு ஆகிறது. "உங்க தம்பிக்குப் பொண்ணு குடுக்க யாருங்க யோசிப்பாங்க, சிங்கமாட்ட இருக்காரு" என்று பெண்ணின் அம்மா சொன்னாள். பங்குனிக்குள் தாம்பூலம் மாற்றிவிடலாம். முடியாது என்று மட்டும் எழுதாதே.

உன் மச்சான் பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் எனக்கு மாவாட்டிக் கொடுக்கிறார். லைன் வீட்டு ஆண்பிள்ளைகள் ஜன்னல் வழியாகப் பார்த்து, "வேலுசாமி அக்கா" என்று கூப்பிட்டுச் சிரிக்கிறார்கள். அவர் பாட்டுக்கு ஆட்டுகிறார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

பனியில் காதைக் கட்டிக்கொண்டு போ.

உன் அக்காள்,
வள்ளி


நெல்லிக்கரடு
29.1.84

அக்காவுக்கு வணக்கம். நலம். அங்கேயும் அப்படியே இருக்கச் சேர்வராயன் சாமி காக்கட்டும்.

முதல் மரம் ஏறி முடித்தேன். கல்யாணப் பேச்சு இப்போது வேண்டாம், அக்கா. மிளகு முடியட்டும்.

ஊரில் ஒரு கலவரம். பதினோராம் தேதி மத்தியானம் ஆட்டைத் தேடிப் போன காளியாயி, எஸ்டேட்டில் காப்பிப் பழத்தோல் உரிக்கிற பழைய பல்பர் கொட்டகைக்குள் இரண்டு ஆம்பளைகளைப் பார்த்தாளாம். ஒருத்தன் உட்கார்ந்திருக்க, ஒருத்தன் அவன் மடியில் தலை வைத்துத் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தானாம். உட்கார்ந்தவன் குனிந்து முத்தம் கொடுத்தானாம். பனிமூட்டத்தில் முகம் தெரியவில்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். "அழுவுற ஆம்பளை நம்மூருல யாரு இருக்கான்?" என்று கவுண்டர் கேட்டதும் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். பாக்கியநாதன் பக்கம்.

அவர் ஒல்லி, குரல் மெல்லிசு, ரவிக்கை தைக்கிறார், பெண்களோடு பேசுகிறார். அவ்வளவுதான் சாட்சி. "நான் இல்லீங்க, எனக்குப் பொண்டாட்டி புள்ளை இருக்குதுங்க" என்று அவர் சொல்லும்போது அழுதுவிட்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. இன்னொருத்தன் லாட்ஜுக்கு வந்த வெளியூர்க்காரனாக இருக்கும் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள்.

கவுண்டர் என் தோளில் கை போட்டு, "பொன்னா, அந்தக் கொட்டாய் பக்கம் நீ ஒரு கண்ணு வெச்சுக்கப்பா. உன்னையக் கண்டா அந்த மாதிரி நாயிங்க கிட்ட வராது" என்றார். சரிங்க என்றேன்.

அன்றைக்கு ராத்திரி களி கிண்டவில்லை. வேறு விசேஷம் இல்லை.

பொன்னுவேல்


திருப்பூர்
6.2.84

கண்ணுக்கு அக்காள் ஆசி. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பாக்கியநாதனா? என் கல்யாண ரவிக்கைக்கு அளவெடுக்கக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு தன் பெண்டாட்டி சாந்தியை எடுக்கச் சொன்ன மனுஷன். குரல் மெல்லிசாக இருந்தால் அப்படிப்பட்டவன் என்று யார் சொன்னது? அப்படியானால் மாவாட்டுகிற என் புருஷனும் அப்படித்தானா? ஊர்க்கூட்டத்தில் நான் இருந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

நீ ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றாய்? உன் பேச்சை அவர்கள் தட்டமாட்டார்கள். நீ ஆம்பளை என்று அவர்களே சொல்கிறார்கள் இல்லையா, அந்த ஆம்பளைத்தனத்தை இதற்குப் பயன்படுத்து. போய்ச் சொல்லு சாமி.

சாந்திக்குத் தைரியம் சொல். நேரத்துக்குச் சாப்பிடு.

வள்ளி


நெல்லிக்கரடு
20.2.84

அக்காவுக்கு வணக்கம். சுகம். நீங்கள் சொன்னபடி செய்தேன்.

நேற்று கவுண்டர் வீட்டு வாசலில் பத்துப் பேர் இருந்தார்கள். நான் நேராக நின்று, "பாக்கியநாதன் இல்லீங்க. கொட்டாய்ல இருந்தது நானுங்க" என்றேன். கவுண்டர் சிரிக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். "போன வருசம் காட்டெருது முட்டினவனை எட்டு மைல் தோள்ல தூக்கியாந்தவன், இவன் போயி ஒருத்தன் மடியில அழுதானாமா!" என்றார்கள். நான் திரும்பச் சொன்னேன். கூட இருந்தது யார் என்றார்கள். பெயர் சொல்ல வாய் வரவில்லை. அதோடு சரி, பொய் என்று உறுதியாகிவிட்டது.

"அடுத்தவன் பழியைத் தன் தலையில போட்டுக்கறான் பாருங்க, இதான் ஆம்பளை" என்று கவுண்டர் கண் கலங்கினார். நான் இவ்வளவு தூரம் சொல்வதால் பாக்கியநாதனுக்கு ஒரு வழி விடுவதாகத் தீர்ப்புச் சொன்னார். மிளகு முடிகிற நாளில், மார்ச் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை, அவர் அந்த எல்லைக் கோயில் சாமி மரம் ஏறி உச்சியில் மிச்சமிருக்கும் சரம் பறிக்கவேண்டும். பறித்துவிட்டால் ஆம்பளை, அதற்குமேல் பேச்சில்லை. முடியாவிட்டால் குடும்பத்தோடு மலையை விட்டு இறங்கவேண்டும்.

எனக்காகத்தான் இந்தச் சலுகையாம்.

பொன்னுவேல்


திருப்பூர்
27.2.84

என் தங்கத்துக்கு, ஆயுசு நூறு.

உன் கார்டை உன் மச்சானுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். லைன் வீட்டுப் பெண்களுக்கும் படித்தேன். என் தம்பி ஒரு ஏழைக்காகத் தன் பேரையே கெடுத்துக்கொள்ளத் துணிந்தான் என்று சொல்லும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. பொய்தான் என்றாலும் புண்ணியமான பொய். வேறு எவனுக்கு வரும் அந்தத் தைரியம்?

பாக்கியநாதனுக்கு நீயே ஏறக் கற்றுக்கொடு. எல்லாம் நல்லபடி முடியும். செம்மநத்தத்துக்காரர்களுக்கு இந்தச் சங்கதி எட்டி, உன்மேல் இன்னும் மரியாதை கூடியிருக்கிறது.

பாப்பா மாமாவுக்கு முத்தம் என்கிறாள்.

வள்ளி


நெல்லிக்கரடு
4.3.84

அக்காவுக்கு வணக்கம். இதை இன்லண்டு லெட்டரில் ஒட்டி அனுப்புகிறேன். கார்டாக இருந்தால் தபால்காரர் குழந்தைவேல் படித்து முடித்துவிட்டுத்தான் மூட்டையில் போடுவார். நீங்கள் யாருக்கும் படித்துக் காட்டவேண்டாம்.

நான் சொன்னது பொய் இல்லை. காளியாயி பார்த்தது என்னைத்தான். அழுதவன் நான். மடி தங்கராஜுடையது. செம்மநத்தத்துப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது. மூன்று வருஷமாக நானும் அவரும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து பதினாறு வயசிலிருந்தே எனக்கு இப்படித்தான். இதற்கும் மரம் ஏறுவதற்கும் என்ன சம்பந்தம் என்று எத்தனை யோசித்தும் புரியவில்லை. கை கால் பலமாகத்தான் இருக்கிறது, மனசு அவரிடம் இருக்கிறது.

போன வாரம் மறுபடி போய்த் தங்கராஜ் பெயரையும் சொல்லிவிட்டேன். அவரையே கூப்பிட்டு, என் எதிரிலேயே கேட்டார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "தம்பி தமாசு பண்றானுங்க" என்று அவர்களோடு சேர்ந்து சிரித்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஓமலூரில் அவருக்குக் குடும்பம் இருக்கிறது. ஆனால் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

பாக்கியநாதன் வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்தில் ஏறிப் பழகுகிறார். இரண்டு ஆள் உயரத்தில் கால் நடுங்குகிறது. நான் எவ்வளவு சொல்லிக் கொடுத்தும் நடக்கவில்லை. மலையை விட்டுப் போய்விடுங்கள் என்று கெஞ்சினேன். "போயிட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருங்க தம்பி. என் பையன் நாளைக்கு யாரு மூஞ்சிலயும் முழிக்க முடியாதுங்க" என்கிறார்.

நீங்கள் வந்து சொன்னால் நம்புவார்கள். கூடப் பிறந்தவள் தம்பியைப் பற்றி இப்படி ஒரு பழியைப் பொய்யாகச் சொல்லமாட்டாள் என்று ஊருக்குத் தெரியும். பதினெட்டாம் தேதிக்குள் வாருங்கள். அந்த மரம் எண்பது அடி. எனக்கு என்ன வந்தாலும் பரவாயில்லை, வாருங்கள் அக்கா.

பொன்னுவேல்


திருப்பூர்
25.3.84

பொன்னுவேலுக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் நலம்.

நான்காம் தேதி போட்ட உன் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. அடுத்த லைனில் வள்ளியம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். முன்பே கிடைத்திருந்தால் பார்த்திருக்கலாம். பதினெட்டாம் தேதி நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நீ எழுதியிருப்பதை நான் நம்பவில்லை. அந்த மனுஷனைக் காப்பாற்ற வேண்டும் என்ற வெறியில் என்னிடமும் பொய் சொல்கிறாய். மெல்லிசாக இருக்கிறவன் எல்லாம் அப்படி இல்லை என்று நான்தான் சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக நீயா? உன்னை இடுப்பில் சுமந்தவள் நான். எனக்குத் தெரியாதா?

இனி இந்தப் பேச்சை எழுதாதே.

வள்ளி


நெல்லிக்கரடு
10.4.84

அக்காவுக்கு. நான் இருக்கிறேன்.

பதினெட்டாம் தேதி காலை பத்து மணிக்கு ஊரே வந்திருந்தது. ஏணியை நான் பிடித்துக்கொண்டேன். பாக்கியநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சாந்தியிடம் கொடுத்துவிட்டு ஏறினார். பாதியில் நின்றுவிடுவார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. ஏணி முடிந்த இடத்திலிருந்து கிளைக் கணுக்களில் கால் வைத்துப் போய்விட்டார். உச்சிச் சரத்தைப் பறித்தே விட்டார் அக்கா. "சாந்தி, பறிச்சிட்டேன்!" என்று கத்தினார். அந்த மெல்லிசுக் குரல் கீழே நன்றாகக் கேட்டது. இறங்கும்போது பாசி பிடித்த கணுவில் கால் வைத்தார்.

தங்கராஜ் ஜீப்பில்தான் சேலத்துக்குக் கொண்டுபோனோம். வளைவுக்கு வளைவு தங்கராஜ் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார், எனக்குக் காதில் விழவில்லை. பாக்கியநாதன் தலை என் மடியில் இருந்தது. வழியில் பார்த்த யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. அடிவாரத்துக்கு முன்னாலேயே உயிர் போய்விட்டது.

ஊரில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "ஆம்பளையா இருந்தா விழுந்திருப்பானா?" என்கிறார்கள். சரம் அவர் கைக்குள் இருந்ததை நான் பிரித்துக் காட்டினேன். பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.

தங்கராஜ் ஜீப்பை முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டு மறுவாரமே கூடலூர் பக்கம் போய்விட்டார். சொல்லிக்கொள்ளவில்லை.

பொன்னுவேல்


திருப்பூர்
30.5.84

சாமி,

ஒன்றரை மாசமாக உனக்கு எழுத எடுத்து எடுத்து வைத்தேன். பாப்பா சுகம். மற்றதை எப்படி எழுதுவேன்?

மார்ச் நான்காம் தேதி நீ போட்ட கடிதம் எட்டாம் தேதியே கிடைத்தது. அடுத்த லைனில் வள்ளியம்மாள் என்று யாரும் இல்லை. படித்தவுடனே நம்பினேன். எனக்கு ஒரு வரிகூடச் சந்தேகம் வரவில்லை. நீ சின்ன வயசிலிருந்து எதற்கெல்லாம் முகம் வாடுவாய் என்று பார்த்தவள் நான், பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

உன் மச்சான் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "கெளம்பு வள்ளி, நானும் லீவு போட்டுட்டு வர்றேன். ஒரு உசுரு போயிருமில்ல" என்றார். எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிற அந்த மனுஷன்தான் சொன்னார். நான் போகவில்லை. நான் வந்து சொன்னால் நம்பிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அதுதான் எனக்குப் பயம். உனக்கு மரம் ஏறத் தெரியும், அதனால் உன்னை மரத்தில் ஏற்றமாட்டார்கள். வேறு என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். அந்த மனுஷன் ஏறட்டும், முடியாவிட்டால் மலையை விட்டுத்தானே போகப்போகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விழுவார் என்று நினைக்கவே இல்லை என்றால் அதுவும் பொய்.

உன் மச்சான் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். மாவு மட்டும் ஆட்டி வைக்கிறார்.

அந்த மனுஷனைக் கொடுத்து உன்னை வைத்துக்கொண்டேன். இனி நீ வீணாகப் போனால் நான் தாங்கமாட்டேன். ஆவணியில் முதல் முகூர்த்தத்தில் சின்னத்தாயியைக் கட்டிக்கொள். இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

வள்ளி


நெல்லிக்கரடு
22.7.84

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் பொன்னுவேல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். எருமை ஒன்று கன்று போட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

சாந்தி பையனோடு தன் அண்ணன் வீட்டுக்கு, ஆத்தூருக்குப் போய்விட்டாள். போகுமுன் நம் வீட்டுக்கு வந்தாள். ஊரே ஒரு பக்கம் நின்றபோது அவள் புருஷனுக்காகப் பேசினவன் நான் ஒருத்தன்தானாம். பையனை என் காலில் விழச் சொன்னாள். "அவரு சாவுற வரைக்கும் உங்களையத்தானுங்க சாமியாட்ட நெனச்சிட்டிருந்தாரு" என்றாள். நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன் அக்கா, கடைசியாக ஒரு தடவை. அவள் கும்பிட்டபடியே, "உங்க மனசு யாருக்குங்க வரும்" என்று அழுதாள். பிறகு பஸ் வந்துவிட்டது.

அடுத்த வருஷம் கல்யாணமானவன் ஆகிவிடுவதால் முதல் மரத்துக்கு வேறு ஆள் பார்க்கவேண்டும் என்று கவுண்டருக்கு வருத்தம். உங்கள்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. அது போகுமா என்று தெரியவில்லை. ஆனாலும் நீங்கள் சொன்னபடி ஆகட்டும். ஆவணி முகூர்த்தத்துக்கு முதல் நாளே மச்சானை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், அவர் உங்களோடு பேசினாலும் பேசாவிட்டாலும் சரி.

போன வாரம் செம்மநத்தம் போய்ப் பெண்ணைப் பார்த்தேன். நல்ல பெண். என் கையையும் தோளையும் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்து சிரித்தாள். தனியாக இரண்டு வார்த்தை பேச விட்டார்கள். இவளிடமாவது முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சொன்னாலும் நம்பமாட்டாள் என்று தோன்றியது. ஊரில் மழை எப்படி என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்குத் தங்கள் தம்பி,
பொன்னுவேல்